நானூறு படம் நடித்தவரைத் தமிழ் சினிமா வீணடித்தது என்று சொல்ல முடியுமா?

(இது ஒரு இணைய விவாதம். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

பழைய ரீல்

டெல்லி கணேஷ் 2024 நவம்பரில் காலமானபோது வந்த அஞ்சலிகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்ட வரி, "நானூறுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர்" என்பது. எல்லோரும் அதைச் சாதனையாகத்தான் எழுதினார்கள். எனக்கு அது தமிழ் சினிமா மீதான குற்றப்பத்திரிகையாகத் தெரிகிறது.

1979-இல் துரை இயக்கிய 'பசி' வந்தது. ஷோபாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். அதில் ஷோபாவுக்கு அப்பா, ரிக்‌ஷா இழுக்கிறவர், டெல்லி கணேஷ்தான். நடையிலேயே வறுமை தெரியும், வசனமே வேண்டாம். மாநில அரசு சிறப்புப் பரிசு கொடுத்தது. சினிமாவுக்கு வந்த புதிதிலேயே இப்படி ஒன்றைச் செய்து காட்டிய மனிதரை அப்புறம் என்ன செய்தோம்? பூணூலை மாட்டிவிட்டு, கையில் ஒரு காபி டம்ளரைக் கொடுத்து, "மாமா" என்று கூப்பிட்டு ஓரமாக உட்கார வைத்தோம். கல்யாணத்துக்குப் பெண் வைத்திருக்கும் அப்பா, ஆபீஸ் மேனேஜர், சமையல்காரர், மறுபடியும் அப்பா.

என் கட்சி இதுதான்: தமிழ் சினிமா அவரை வீணடித்தது. மறுக்கிறவர்கள் வாருங்கள்.

இடைவேளை

// பூணூலை மாட்டிவிட்டு //

வந்துவிட்டேன். ஐயர் வேஷம் என்றால் எல்லாம் ஒன்றுதானா? மூன்று ஐயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'நாயகன்' ஐயர் பம்பாயில் நாயக்கருக்கு ஹிந்திக்கும் தமிழுக்கும் நடுவில் நிற்கிறவர். பயந்த சுபாவம், ஆனால் கூட்டத்தை விட்டுப் போகாதவர். 'மைக்கேல் மதன காம ராஜன்' மணி ஐயர் பாலக்காட்டு சமையல்காரர். 'அவ்வை சண்முகி' சேதுராம ஐயர் பெரிய வீட்டில் ஒட்டிக்கொண்டு காரியம் பார்க்கிற ஆள், உள்ளே கொஞ்சம் விஷம் உண்டு. மூன்று பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் ஒருவரோடு ஒருவர் பேசக்கூட மாட்டார்கள். குரல் வேறு, நிற்கிற விதம் வேறு.

'மைக்கேல் மதன காம ராஜன்' கல்யாணப் பந்தியில் சாம்பாருக்குள் மீன் விழுந்துவிடும் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். நாம் சிரிப்பது கமலைப் பார்த்து. ஆனால் பக்கத்தில் ஒருவர் அந்த மீனை உலகமே அழியப்போகிற விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை என்றால் அங்கே சிரிப்பே இல்லை. அந்த பயத்தை அவர் ஒரு இடத்தில்கூட காமெடியாகச் செய்யவில்லை. இதற்குப் பெயர் வீணடிப்பா?

பழைய ரீல்

நல்லது. 'நாயகன்', 'மைக்கேல் மதன காம ராஜன்', 'அவ்வை சண்முகி'. மூன்றுக்கும் ஹீரோ யார்? வேண்டுமானால் நானே நான்காவதைத் தருகிறேன்: 'அபூர்வ சகோதரர்கள்', அதில் பிரான்சிஸ் அன்பரசு, நான்கு வில்லன்களில் ஒருவர். அதுவும் கமல் படம்.

ஒரு நடிகரும் அவருடைய எழுத்தாளர்களும் இவரை வைத்து இத்தனை வகை செய்ய முடிந்தது என்றால், மற்ற முந்நூற்றுச் சொச்சம் படங்களை எடுத்தவர்களுக்கு ஏன் தோன்றவில்லை? நீங்கள் என் வாதத்துக்கு சாட்சி சொல்லிவிட்டுப் போகிறீர்கள்.

இடைவேளை

'சிந்து பைரவி' கமல் படமா? 1985, பாலசந்தர். மிருதங்க வித்வான் குருமூர்த்தியாக டெல்லி கணேஷ், குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வருகிறார். பாடகர் ஜே.கே.பி. (சிவகுமார்) அவரை அனுப்பிவிட்டு மிருதங்கம் இல்லாமலே பாடுகிறார். அப்புறம் அதே ஜே.கே.பி. குடியில் விழும்போது நமக்கு யார் ஞாபகம் வருகிறது? சிவகுமார் அங்கே எவ்வளவு கீழே போய்விட்டார் என்று அளக்க நமக்கு இருக்கிற ஒரே அளவுகோல் குருமூர்த்தி. கதையின் முதுகெலும்பை ஒரு குணச்சித்திர நடிகரிடம் கொடுத்திருக்கிறார் இயக்குநர்.

நீங்கள் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். அவரை ஹீரோவாகப் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். அந்த ஆசையைத்தான் நான் எதிர்க்கிறேன். துணைப் பாத்திரம் என்பது ஹீரோவாக முடியாதவனுக்குக் கொடுக்கிற ஆறுதல் பரிசு இல்லை. நாகேஷ் 'சர்வர் சுந்தரம்', 'நீர்க்குமிழி', 'எதிர்நீச்சல்' எல்லாம் செய்தவர். ஆனால் நாலு பேர் கூடினால் நடித்துக் காட்டுவது எதை? 'திருவிளையாடல்' தருமியை. அடுத்து 'தில்லானா மோகனாம்பாள்' வைத்தியை. இரண்டும் சிவாஜி படத்தில் துணைப் பாத்திரங்கள்.

மூணாவது பெல்

இரண்டு பேரும் சினிமாவிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். மனுஷர் எங்கேயிருந்து வந்தார் என்று ஒருவராவது கேட்கவில்லை.

வல்லநாட்டுக்காரர். 1964 முதல் பத்து வருஷம் விமானப் படையில் வேலை. டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் மேடை ஏறியவர். பெயருக்கு முன்னால் டெல்லி ஒட்டியது அதனால்தான், ஒட்டியவர் பாலசந்தர். முதல் படம் 'பட்டினப் பிரவேசம்', அதுவும் விசு எழுதிய மேடை நாடகம்தான். அந்தக் குரலைக் கவனியுங்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல் எப்போதும் காதில் விழும். மைக் சரியில்லாத சபாவில் கடைசி வரிசைக்குப் பேசிப் பழகியவனுக்குத்தான் அது வரும். இப்போதைய நடிகர்களில் பலர் வாக்கியத்தைத் தொடங்கும்போது இருக்கிறார்கள், முடிக்கும்போது காணாமல் போகிறார்கள்.

பூர்ணம் விஸ்வநாதனும் இதே வழிதான். டெல்லி வானொலி, அப்புறம் மேடை, அப்புறம் சினிமா. சுஜாதாவின் நாடகங்களில் மேடையில் இரண்டு மணி நேரம் தூக்கி நிறுத்துவார். சினிமாவில் அவருக்கு என்ன கிடைத்தது? கோபக்கார மேலதிகாரி, நல்ல தாத்தா. வி.கே.ராமசாமி 1926-இல் பிறந்தவர், 1947-இல் 'நாம் இருவர்' படத்திலேயே கிழவர். அது எப்படி முடிந்தது? நாடகக் கம்பெனியில் மீசை முளைக்கும் முன்பே கிழவனாக நடித்துப் பழகியதால். சினிமா பார்த்தது என்ன? "இவன் கிழவன் வேஷத்துக்குச் சரி." அவ்வளவுதான், ஆயுள் முழுக்க அதே. மேடை ஆளைத் தயார் செய்து அனுப்பும், சினிமா அதில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு மீதியைப் போட்டுவிடும். அதனால் நான் பழைய ரீல் பக்கம்.

சும்மா வந்தவன்

அப்போ மேடையிலேயே இருந்திருக்கலாமே சார். யார் தடுத்தது?

மூணாவது பெல்

சபா நாடகத்தில் நடித்தவர்கள் பெரும்பாலும் பேங்க், ரயில்வே, ஏஜீஸ் ஆபீஸ் என்று சம்பளம் வாங்கிக்கொண்டு சாயங்காலம் ஒத்திகைக்கு வந்தவர்கள் தம்பி. மேடையை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தியவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

கால்ஷீட்

இதற்காகத்தான் காத்திருந்தேன். நான் சில படங்களில் உதவி இயக்குநராக இருந்தவன். கலை பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் குணச்சித்திர நடிகரின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது காம்பினேஷன்.

தெரியாதவர்களுக்கு: ஒரு காட்சியில் யார் யார் சேர்ந்து வர வேண்டுமோ அத்தனை பேரின் தேதியும் ஒரே நாளில் கிடைக்க வேண்டும். ஹீரோ தேதிதான் முதல். அவர் மாற்றினால் மற்ற எல்லோரும் மாற்ற வேண்டும். கேரக்டர் ஆர்ட்டிஸ்டுக்குப் பெரும்பாலும் நாள் கணக்கில் பேச்சு. இரண்டு நாள் தள்ளிப் போனால் அவருக்கு அந்த இரண்டு நாளும் போச்சு, அதே நாளில் ஒப்புக்கொண்ட இன்னொரு கம்பெனியில் கெட்ட பேரும் வரும். அதனால் எப்போதும் நான்கைந்து படங்களைக் கையில் வைத்துக்கொள்வார்கள். நானூறு என்ற எண் அப்படித்தான் வருகிறது. ஆசையில் வருவதில்லை.

இன்னொன்று. ஹீரோ தன் க்ளோசப்பை முடித்துவிட்டு கேரவனுக்குப் போய்விடுவார். எதிரில் நிற்பவரின் க்ளோசப் அப்புறம்தான். அப்போது ஹீரோ இடத்தில் நின்று வசனம் படிப்பது எங்களைப் போன்ற உதவியாளர்கள். கையில் பேடு, பேனா காதில், உணர்ச்சியே இல்லாமல் "அப்பா நான் போறேன்ப்பா" என்று நான் வாசித்தேன். எதிரே ஒரு மூத்த நடிகர் என்னைத் தன் மகனாகப் பார்த்தார். கண் நிறைந்தது, ஆனால் வழியவில்லை. மார்க்கை விட்டு அரை அடிகூட நகரவில்லை. கட் சொன்னதும், "தம்பி, 'போறேன்'க்கு அப்புறம் ஒரு நொடி விடு, எனக்கு மூச்சு எடுக்க இடம் வேணும்" என்றார். அடுத்த டேக்கில் விட்டேன். படத்தில் அந்த ஷாட் பாதிதான் இருக்கிறது. மீதியில் ஹீரோ நடந்து போகிறார், பின்னால் பாட்டு.

வீணடிப்பு என்று பேசுவதானால் அது ஐயர் வேஷத்தில் இல்லை, இங்கே இருக்கிறது.

இடைவேளை

கால்ஷீட் சார், அருமையான பதிவு. ஆனால் நீங்களும் என் பக்கம்தான் பேசியிருக்கிறீர்கள். உங்கள் காதிலிருந்த பேனாவைப் பார்த்து அழத் தெரிந்தவர் ஹீரோவை விடப் பெரிய நடிகர். அந்தத் திறமை அங்கே முழுதாகத்தானே பயன்பட்டது?

கால்ஷீட்

பயன்பட்டது. காசு வரவில்லை.

விளக்கமாகவே சொல்கிறேன். சம்பள பாக்கி வைத்தால் பெரிய நடிகர் என்ன செய்வார்? டப்பிங்குக்கு வர மாட்டார். தயாரிப்பாளர் ஓடிப்போய்ச் செட்டில் பண்ணுவார். சின்ன வேஷக்காரர் அதையே செய்தால்? வேறு குரலை வைத்துப் பேச வைத்துவிட்டு ரிலீஸ் பண்ணுவார்கள். முகம் அவருடையது, குரல் யாருடையதோ, பாக்கி அப்படியே. நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் இதைக் கண்ணால் பார்த்தேன், பெயர் வேண்டாம். அந்த நடிகர் அடுத்த படத்துக்கும் அதே கம்பெனிக்கு வந்தார். வேறு வழி?

ரிமோட் ராணி

இவ்வளவு பேசுகிறீர்கள், சின்னத்திரை பற்றி ஒரு வார்த்தை இல்லை. சீரியல் என்றால் உங்களுக்கெல்லாம் இளக்காரம்.

ஜி.மாரிமுத்துவை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ வருஷம் உதவி இயக்குநர், அப்புறம் 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' இரண்டு படம் இயக்கினார். 'பரியேறும் பெருமாள்' படத்தில் கதாநாயகிக்கு அப்பாவாக வந்தார். பிரமாதமாகச் செய்தார், படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அவர் பெயர் வீட்டுக்கு வீடு போனது 'எதிர்நீச்சல்' சீரியலில் ஆதி குணசேகரன் ஆன பிறகுதான். அந்த ஆள் ஒரு வீட்டுக்குள் எப்படி நடப்பான், தோளில் கிடக்கிற துண்டை எப்போது உதறுவான், பெண்கள் பேசத் தொடங்கும்போது எப்படிக் குறுக்கே விழுவான் என்று தினமும் ராத்திரி பார்த்தோம். சினிமாவில் அவருக்கு இந்த இடத்தை யார் கொடுத்தார்கள்? 2023 செப்டம்பரில் அதே சீரியலுக்கு டப்பிங் பேசப் போன இடத்தில்தான் நெஞ்சுவலி வந்து இறந்தார்.

எம்.எஸ்.பாஸ்கர் டப்பிங் குரலாக இருந்தவர். நமக்கெல்லாம் முகம் தெரிந்தது 'சின்னப் பாப்பா பெரிய பாப்பா' பட்டாபியாக. அதற்கப்புறம்தான் 'மொழி'யில் 1984-லேயே நின்றுபோன அந்தப் பேராசிரியர், இப்போது 'பார்க்கிங்' படத்துக்குத் தேசிய விருது. டிவி கெடுத்துவிடும் என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

பழைய ரீல்

மேடம், மாரிமுத்து பற்றிச் சொன்னதில் மறுப்பில்லை. ஆனால் ஒரு நடிகருக்குச் சீரியல் இடம் கொடுக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நேரம் கொடுக்கிறது, அது வேறு. ஒரு அதிர்ச்சியை மூன்று தடவை ஜூம் பண்ணி, இடி சத்தம் போட்டு, அடுத்த நாள் முதல் காட்சியில் அதையே மறுபடி காட்டுகிறார்கள். அதில் நடிகர் செய்ய என்ன இருக்கிறது? முகத்தை அசைக்காமல் நிற்க வேண்டும்.

ரிமோட் ராணி

அப்படி நின்று பாருங்கள் ஒரு நாள். எல்லா சீரியலும் ஒன்றில்லை என்பது உங்களுக்கே தெரியும். நாகா எடுத்த 'மர்மதேசம்' பார்த்த தலைமுறைதானே நீங்களும்?

அப்புறம், இங்கே பேசுகிற எல்லோரும் ஆண் நடிகர்களையே அடுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். உண்மையில் வீணடிக்கப்பட்டவர்கள் யார் என்று நான் சொல்கிறேன். 1975 'அபூர்வ ராகங்கள்'. ஸ்ரீவித்யா மேல் கமலுக்குக் காதல், ரஜினி அவருடைய கணவர். 1989 'அபூர்வ சகோதரர்கள்' வரும்போது ஸ்ரீவித்யா கமலுக்கு அம்மா. 1991 'தளபதி'யில் ரஜினிக்கு அம்மா. அவர் கமலை விட ஒரே வயதுதான் பெரியவர், ரஜினியை விடச் சின்னவர்! டெல்லி கணேஷுக்கு அப்பா வேஷம் கொடுத்தார்கள் என்று வருத்தப்படுகிறீர்களே, அவருக்கு அது இயல்பாக வந்தது. ஸ்ரீவித்யாவை அங்கே தள்ளினார்கள்.

மனோரமா 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகி என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? ஆயிரத்துக்கு மேல் படம். தேசிய விருது 'புதிய பாதை'க்கு, 1989-இல்.

இடைவேளை

ஸ்ரீவித்யா விஷயத்தில் மேடம் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை, அது அநியாயம்தான். ஆனால் 'தளபதி'யில் கோவிலில் அவரும் ரஜினியும் ஒரே ரயில் சத்தத்தைக் கேட்டுத் திரும்புவதைப் பாருங்கள். அந்தப் படத்தில் ரஜினியைத் தவிர எனக்கு நினைவில் நிற்கிற முகம் அவருடையதுதான். அநியாயமாகக் கிடைத்த வேஷத்தில்கூட ஒரு நடிகை எங்கே போய் நிற்க முடியும் என்பதற்கு அது அத்தாட்சி.

விருது பேச்சு வந்ததால் ஒன்று சேர்க்கிறேன். ஆஸ்கரில் துணை நடிப்புக்கு விருது தொடங்கியது 1937 விழாவில். அப்போது அவர்களுக்குச் சிலைகூடக் கிடையாது, ஒரு பலகை. முழுச் சிலை 1944-இல்தான் கிடைத்தது. நம் தேசிய விருதில் இந்தப் பிரிவே 1984-ஆம் வருஷத்துப் படங்களிலிருந்துதான். குணச்சித்திர வேஷங்களில் பேர் வாங்கிய டி.எஸ்.பாலையா 1972-இலும் எஸ்.வி.ரங்காராவ் 1974-இலும் போய்விட்டார்கள். 'பசி' வந்தபோதுகூட அப்பா வேஷக்காரருக்குக் கொடுக்க டெல்லியில் தனி விருது இல்லை. சினிமா வீணடித்ததா, அல்லது பார்க்கிறவர்களுக்கும் கொடுக்கிறவர்களுக்கும் இந்த வேலையை எண்ணத் தெரியவில்லையா?

மூணாவது பெல்

1984-க்கு அப்புறமும் நாற்பது வருஷம் இருந்தார் சார் டெல்லி கணேஷ். பிரிவு இருந்தது, அவருக்குத்தான் வரவில்லை. நாகேஷுக்கே 'நம்மவர்' வரைக்கும், 1994 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

சும்மா வந்தவன்

டெல்லி கணேஷ் யூடியூபில் ஒரு நையாண்டி வீடியோவில் சென்னை பேட்மேனுக்கு வீட்டு வேலைக்காரர் ஆல்ஃப்ரெடாக வந்தாரே, அதை யாரும் சொல்லவில்லையே. எனக்கு அவரைத் தெரிந்ததே அங்கேதான்.

பழைய ரீல்

ப்ரோ, அதுவும் என் கணக்கில்தான் வரும். எழுபது வயசுக்காரரிடம் புதுசாக ஒரு வேஷத்தோடு போகலாம் என்று யூடியூப் பசங்களுக்குத் தோன்றியிருக்கிறது. கோடம்பாக்கத்துக்குத் தோன்றவில்லை.

ரிமோட் ராணி

கால்ஷீட் சார் சொன்ன பாக்கி விஷயத்துக்கு வருகிறேன். சீரியல்தான் பல மூத்த நடிகர்களுக்கு மாதச் சம்பளம் மாதிரி இருந்தது. மாதத்தில் இத்தனை நாள் வேலை என்று ஒரு நிச்சயம். சினிமா அதைக் கொடுக்கவே இல்லை.

கால்ஷீட்

நிச்சயம் என்று சொல்லாதீர்கள் மேடம். ரேட்டிங் இறங்கினால் கதை திரும்பும், திரும்பினால் அப்பா வெளியூர் போவார். போனவர் திரும்பவே மாட்டார். சில சமயம் அடுத்த வார ஸ்க்ரிப்ட்டில் தன் போட்டோவுக்கு மாலை போட்டிருப்பதைப் பார்த்துத்தான் வேலை போனது நடிகருக்குத் தெரியும். இல்லாவிட்டால் "இவருக்குப் பதில் இவர்" என்று ஒரு கார்டு.

ரிமோட் ராணி

அந்தக் கார்டையே எடுத்துக்கொள்வோம். மாரிமுத்துவுக்கு அப்புறம் குணசேகரனாக வேல ராமமூர்த்தி வந்தார். சாதாரண ஆளா? எழுத்தாளர், சினிமாவில் மிரட்டியவர். வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே சண்டை, "அவர் இப்படிச் சொல்ல மாட்டார்", "அவர் இங்கே நின்றிருக்க மாட்டார்" என்று. ஒரு நடிகர் ஒரு வேஷத்தில் என்னவெல்லாம் செய்து வைத்திருந்தார் என்று சினிமா பார்த்து இப்படிக் கணக்கெடுத்தவர்கள் உண்டா?

பழைய ரீல்

உண்டு. 'தில்லானா மோகனாம்பா'ளில் பாலையா இடத்தில் வேறு ஒருவரை வைத்து நினைத்துப் பாருங்கள். அந்தத் தவில்காரர் சிவாஜியைப் பார்க்கிற பார்வையில் பாதிக்கு மேல் பெருமை, கொஞ்சம் எரிச்சல், எப்போதும் ஒரு பசி...

இடைவேளை

நிறுத்துங்கள் நிறுத்துங்கள். பாலையா அதில் துணைப் பாத்திரம்தானே? வீணடித்தார்களா?

பழைய ரீல்

இல்லை. அந்தக் காலத்தில் எழுதினார்கள். அவர் தவிலை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்குகிற இடத்தைக்கூட வெட்டாமல் வைத்திருந்தார்கள். கால்ஷீட் சாரின் அந்த ஷாட்டை எந்தப் படத்தில் பாதியில் வெட்டினார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள், பேசுவோம்.

கால்ஷீட்

சொல்ல மாட்டேன். இயக்குநர் இன்னும் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்.